கேஸ் போகுது, மூடு!

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த மூக்கை நம்பித்தான் என் அத்தான் இத்தனை நாள் சமையல்காரராக இருந்தார் என்பதையும் அவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் டிப்போ கேன்டீனில் அவர்தான் மாஸ்டர். நான் அதே கேன்டீனில் கவுன்டரில் நின்று டோக்கன் கிழித்துக் கொடுக்கிறவள். சில வருடங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் பால் பொங்கி, வழிந்து, கருகி, நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. டாக்டரிடம் போனோம். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்கு ஒரு டாக்டர் என்று நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன்.

நாக்கு நன்றாகத்தான் இருந்தது. உப்பிலும் புளிப்பிலும் காரத்திலும் அவர் கை ஒரு நாளும் பிசகவில்லை. ஆனால் அண்டாவில் சோறு அடிபிடிப்பது நாக்குக்குத் தெரியாது. எண்ணெய் புகைவது தெரியாது. மூக்கில்லாத சமையல்காரரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? கரண்டியைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை அவருடையது. வேலை போனால் மனிதர் உடைந்துபோவார் என்று அக்கா அழுதாள். அதனால் விஷயம் எங்கள் மூவரைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்தோம்.

வழியை நான்தான் கண்டுபிடித்தேன். கவுன்டரில் நின்றபடி நான் முகர்வேன். ஒரு தடவை இருமினால் அடிபிடிக்கிறது, அடுப்பைக் குறை. இரண்டு தடவை இருமினால் எண்ணெய் புகைகிறது. தொண்டையைச் செருமினால் பால். இப்படியே எங்கள் பிழைப்பு ஓடியது. டிரைவர்கள் எனக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன்.

கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளியம்மா பேச்சில் மகா சிக்கனம். கடைசி மேஜையில் சுடுதண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். கவுன்டர் முதலில் வாசல் பக்கம்தான் இருந்தது. ஒரு நாள் திடீரென்று அதைத் தூக்கிச் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் போடச் சொன்னார். "வாசல்ல வெயில் படுது" என்றார். அடுப்புச் சூட்டுக்கு வெயிலே மேல் என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் அத்தானுக்கும் கலருக்கும் நெருக்கம் கூடியது. கலர் என்றால் பாட்டிலில் வரும் கலர் சோடா, அதைக் குடிப்பது அவருக்குப் பழைய வழக்கம்தான். ஆனால் வாசனை போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சோத்துல உப்பு தெரியுது. சோறு தெரியல. கலர்ல மட்டும்தான் உள்ள ஏதோ ஒண்ணு நடக்குதுன்னு தெரியுது."

கேலி செய்ய வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்காது.

உள்ளே நடக்கிறது என்று அவர் சொன்னது கேஸைத்தான். பாட்டிலுக்குள் இருக்கும் அந்தக் காற்று. அதை வைத்தே அவர் ஒவ்வொரு பானத்துக்கும் ஜாதகம் எழுதிவிட்டார். கோலாவின் கேஸ் பொடிப்பொடியாக நாக்கில் குத்தும், ஏப்பம் உடனே வரும், மரியாதை தெரியாத ஏப்பம். எலுமிச்சைக் கலர் நேராக மூக்குக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இஞ்சி சோடா தொண்டையைப் பிடித்துக்கொண்டு விடாது, கடன் கேட்க வந்த சொந்தக்காரர் மாதிரி. ஆரஞ்சு மட்டும் தனி. அதன் குமிழ் பெரியது, நிதானமானது. குடித்து முடித்து எழுந்து இரண்டு வேலை பார்த்த பிறகுதான் ஏப்பம் வரும். அதுவும் தாலாட்டு மாதிரி வரும் என்பார். ஆரஞ்சுதான் அவருடைய உயிர். அக்காவும் அவரும் கல்யாணமான புதிதில் ஒரே பாட்டிலில் இரண்டு குழல் போட்டுக் குடித்தது ஆரஞ்சுதான் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "வாசனை வராட்டியும் அது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வருது" என்று அவளிடம் சொன்னாராம்.

இந்த ராஜ்யத்தில் கலகம் செய்ய வந்தவர் ஒரு டிரைவர். காலை முதல் வண்டி எடுப்பவர். ஸ்டியரிங் பிடிக்காத நேரமெல்லாம் கையில் எனர்ஜி டிரிங்க் டின் இருக்கும், அதனால் டிப்போவில் அவர் பெயரே டின்.

"மாஸ்டர், கலரெல்லாம் குழந்தைங்க குடிக்கிறது. இத ஒண்ணு அடிச்சுப் பாருங்க, கண்ணு பளிச்சுனு முழிச்சுக்கும்."

"கண்ணு முழிக்கும், ஆள் முழிக்கணுமே" என்றார் அத்தான். "நானும் குடிச்சுப் பாத்தேன் தம்பி. மருந்துல சக்கரையக் கொட்டின மாதிரி இருக்கு. கேஸும் சோம்பேறி கேஸ். ஏப்பமே வரல. நெஞ்சுக்குள்ளயே குடித்தனம் பண்ணுது. ஏப்பம் வராததெல்லாம் ஒரு பானமா?"

"ஏப்பத்துக்கா மாஸ்டர் குடிக்கிறோம்? டேஸ்ட்டுக்கு! வாசனைக்கு! டின்ன ஒடச்ச உடனே ஒரு வாசனை வரும் பாருங்க..."

நான் டோக்கன் புத்தகத்தைத் தேவையில்லாமல் புரட்டினேன். அத்தான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு இணை அவர்தான்.

"எந்தக் கலரா இருந்தாலும் நான் கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். ஒன் டின்னையும் சேத்துதான்."

"கட்டிடலாமா கண்ண?" என்றார் டின். தோற்றவர் ஒரு வாரம் மற்றவருடைய பானத்தையே குடிக்க வேண்டும் என்று பந்தயம். மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் என்று நேரமும் குறித்தாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், ஒங்களுக்கு மூக்குதான் இல்லைன்னு நெனச்சேன். மூளையும் இல்லையா? நாளைக்கு ஒண்ணு மாத்திச் சொன்னீங்கன்னா ஆரஞ்சுக்கும் டின்னுக்கும் வாசனையில வித்தியாசம் தெரியலையான்னு யாராச்சும் கேப்பாங்க. அப்புறம்?"

"கேஸ் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல" என்றார். அக்கா தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல், "அவ சொல்றதுதான் சரி" என்றாள். அந்த வீட்டில் அதிசயமாக நடக்கிற இன்னொரு விஷயம் அது.

மறுநாள் கேன்டீனில் நிற்க இடமில்லை. கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், வண்டி கழுவுகிறவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அத்தான் தோளில் கிடந்த துண்டாலேயே டின் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினார். முதலாளியம்மா வழக்கம்போலக் கடைசி மேஜையில் இருந்தார். அவருக்கான சுடுதண்ணீர் உள்ளே பின்னடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் டம்ளர் வந்தது. அத்தான் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, காதுக்குக் கொண்டுபோனார். குமிழ் உடைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். "கோலா." கைதட்டல். அடுத்தது எலுமிச்சை, சரி. அடுத்தது இஞ்சி சோடா, அதுவும் சரி. மனிதர் பண்ணுகிற அலட்டலைப் பார்த்துச் சனம் விசிலடித்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் டின் ஒரு வேலை செய்தார். காலையிலேயே திறந்துவைத்துக் கேஸ் எல்லாம் இறங்கிப்போன ஒரு ஆரஞ்சையும், அதேபோல் திறந்துவைத்த ஒரு எனர்ஜி டிரிங்க் டின்னையும் இரண்டு டம்ளரில் ஊற்றி நீட்டினார். அத்தான் காதில் வைத்தார். சத்தம் இல்லை. குடித்தார். இனிப்பு, புளிப்பு. இன்னொன்றைக் குடித்தார். அதுவும் இனிப்பு, புளிப்பு. முகம் மாறியது. மூக்கு இருக்கிற எவரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த நாற்றம் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னடுப்பில் சுடுதண்ணீர் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. இதற்கு இருமல் பாஷையில் சொல் இல்லை. நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

"அத்தான்! கேஸ் போகுது!" என்று கத்தினேன்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்!" என்றார் அத்தான், தப்பித்த சந்தோஷத்தில். "கேஸ் போயிடுச்சு! இதுல என்னத்தக் கண்டுபிடிக்க?"

"ஐயோ, மூடுங்க அத்தான்! கேஸ் போகுது, மூடுங்க!"

"இப்ப மூடி என்ன பிரயோஜனம்? காலையிலேயே மூடியிருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் கையால் துழாவி ஒரு பாட்டில் மூடியைக் கண்டுபிடித்து டம்ளர் மேல் வைத்து அழுத்தினார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டின்னுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. முன்வரிசையில் இருந்த மெக்கானிக் மூக்கைப் பொத்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எழுந்தார். நாற்காலிகள் இழுபட்டன. அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலைப் பார்க்க, அத்தான் ஒருவர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு, டம்ளரை மூடிப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

"சிலிண்டர் அத்தான், சிலிண்டர்!" என்றேன்.

துண்டைப் பிய்த்து எறிந்தார். "யாரும் சுவிட்சத் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே ஓடி அடுப்பையும் சிலிண்டரையும் மூடினார். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்லவேண்டுமோ அவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டேன்.

காற்றாடிய பிறகு எல்லோரும் திரும்பி உள்ளே வந்தோம். அத்தானுக்கு மட்டும் நாற்றம் எட்டவில்லை என்பதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அத்தான் போய் முதலாளியம்மா முன்னால் நின்றார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அம்மா, எனக்கு வாசனை தெரியாது."

"தெரியும்" என்றார் முதலாளியம்மா.

அத்தான் விழித்தார். நான் அதற்கு மேல் விழித்தேன்.

"ஒன் மச்சினி வருஷம் பூரா இருமுறா. சளி இல்ல, காய்ச்சல் இல்ல. அவ இருமினா நீ அடுப்பக் குறைக்கிற. இதுக்கு மேலயும் தெரியலைன்னா நான் எதுக்குக் கடை நடத்தணும்?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெயிலுக்கா கவுன்டர மாத்தினேன்னு நெனச்ச? அங்க நின்னா ஒனக்கு வாசனை எட்டலைன்னுதான்."

அன்றைக்கு அவரைப் பற்றி முணுமுணுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அப்ப... வேலை?" என்றார் அத்தான்.

"மொதல்ல அடுப்புல கேஸ் போனா கத்துற மணி ஒண்ணு மாட்டணும். நாளைக்கு ஆள் வரும். அதுவரைக்கும் அடுப்ப விட்டு நகராத. வேலைக்கு என்ன, ஒன் சாப்பாட்ட நான் ருசிக்காகத்தான் விக்கிறேன். போய் எனக்கு சுடுதண்ணி போடு."

என் வயிற்றில் பாலை வார்த்தார். அத்தான் உள்ளே போனார். பாத்திரம் எடுக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவே இல்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று டின் கேட்டார். வேண்டாம், விடுங்கள் என்றேன். அந்த வாரம் முழுவதும் டின் யாரும் கேட்காமலே ஆரஞ்சு குடித்தார். பந்தயத்தில் யாருமே தோற்கவில்லையே என்று நான் கேட்டதற்கு, "ஏப்பம் நல்லாத்தான் வருது அக்கா" என்றார்.

அதன் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. மணி மாட்டியாகிவிட்டது. அடிபிடித்தால் நான் இருமுவதில்லை, ஊருக்கே கேட்கிற மாதிரி "அத்தான், அடிபிடிக்குது!" என்று கத்துகிறேன். சில நேரம் நான் கத்துவதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கண்டக்டர் கத்திவிடுகிறார். டிப்போ முழுக்க அவருக்கு மூக்குகள்.

போன மழைக்கு எனக்கு நிஜமாகவே சளி பிடித்தது. காலையில் வேலைக்கு வந்து நின்றதும் அடக்க முடியாமல் ஒரு இருமல் இருமினேன். பழக்க தோஷம், அத்தான் பாய்ந்து எல்லா அடுப்பையும் குறைத்துவிட்டார். அன்றைக்குச் சோறு அரைவேக்காடு. டிரைவர்கள் மென்று மென்று சாப்பிட்டார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ மூக்கு அடைத்து எதுவுமே தெரியவில்லை. இரண்டு பேரும் ஜன்னலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலாளியம்மா கடைசி மேஜையில் இருந்து எழுந்தார். தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். சுடுதண்ணீர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். "நீ டோக்கனப் பாரு" என்றார் என்னிடம். பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், குழம்பு கொதிக்கிற நேரத்தில், அவர் தலை லேசாக நிமிர்ந்தது. அம்மாவுக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை இருமினார்.

அத்தான் அடுப்பைக் குறைத்தார்.