மூச்சு புகும் சுவர்

கிள்ளான் நகரில் ஷபானாவின் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலை அறிந்தவர்கள் ஏராளம். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மூலிகை எண்ணெய், கல்யாண மண்டபம் என்று விளம்பரங்களுக்குப் பேசுகிறவள் அவள். காயல்பட்டினத்திலிருந்து இல்யாஸைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தவள். அவனுக்கு அரங்குகளிலும் கூட்ட அறைகளிலும் எதிரொலியை அடக்கும் பலகைகள் பொருத்தும் வேலை.

மாடியறையை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியைத் தன் அறையாக வைத்துக்கொண்டு, மறுபாதியில் மனைவிக்கு ஒலிப்பதிவு அறை ஒன்றை அவனே கட்டிக் கொடுத்தான். சுவரெங்கும் சாம்பல் நிறப் பஞ்சை ஒட்டிவிட்டுப் பெருமையாக விளக்கினான்.

"இதுல கண்ணுக்கே தெரியாத ஓட்டைங்க கோடிக்கணக்குல இருக்கு. சத்தம்னா காத்து ஆடுறதுதானே? ஓட்டைக்குள்ள போய் உரசி உரசி, சூடாகி அடங்கிரும்."

"பக்கத்து ரூமுக்குக் கேக்காதா மச்சான்?"

"நடுவுல கனமான போர்டு வச்சிருக்கேன்லா. நீ கத்தினாலும் கேக்காது."

உள்ளே பேசினால் குரல் வாயருகிலேயே நின்றுவிடுவதுபோல் இருக்கும். அந்த அமைதி மனதைத் திறக்க வைத்தது. பக்கத்து வீட்டு ரமணி அங்கே உட்கார்ந்துதான் தன் ரகசியத்தைச் சொன்னாள். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் சலாவுதீனின் சாப்பாட்டுக் கடையில் பல வருடமாகச் சமைக்கிறவள் அவள்.

"பாசார்ல, காய்கறிச் சந்தைப் பக்கத்துல ஒரு கடை காலியாகுது. எனக்கே தரேன்னு சொல்லிட்டாங்க. சொந்தமா போடப்போறேன். யாருகிட்டயும் மூச்சு விட்றாதலா."

"சத்தியமா சொல்லமாட்டேன்கா."

ஷபானா சொல்லவில்லை. ஆனால் மாதம் முடிவதற்குள் சலாவுதீன் அந்தக் கடையைக் கூடுதல் வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ரமணியையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ரமணி வேலியோரம் வந்து நின்றாள்.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் ஷபானா."

திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷபானா புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "புரோக்கர் எவனாச்சும் சொல்லியிருப்பான், விடு" என்றான்.

ஒரு நாள் பகலில், பதிவு செய்த விளம்பரத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, சார்ஜர் எடுக்க அவனுடைய அறைக்குப் போனாள். அங்கே அவள் குரல் கேட்டது. கூர்மை சற்று மழுங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தடுப்பின் மேல் மாட்டியிருந்த துணியை விலக்கினாள். மரச்சட்டமும் பஞ்சின் முதுகும் தெரிந்தன. போர்டு இல்லை. பஞ்சின் ஓரத்தைப் பிய்த்து உதட்டில் வைத்து ஊதினாள். மூச்சு மறுபக்கம் வந்து உள்ளங்கையைத் தொட்டது. மூச்சு போகிற வழியில் பேச்சுக்கு என்ன தடை? உள்ளே எதிரொலியைத் தின்ற அதே பஞ்சு, பேச்சை வெளியே விட்டிருந்தது.

மாலையில் இல்யாஸ் வந்ததும் அந்தத் துண்டை அவன் முன்னால் வைத்தாள்.

"போர்டு எங்க மச்சான்?"

"மறந்துட்டேன் போல."

"இதே வேலையத்தான் ஊரெல்லாம் செய்றீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் மறந்துடுச்சா?"

அவன் தலை நிமிரவில்லை. "ஊர்ல இருக்கிற உன் தங்கச்சிகிட்ட போன்ல என்னைப் பத்தி என்ன பேசுறன்னு தெரிஞ்சுக்கத்தான் அப்படி விட்டேன். ரமணி விஷயம் தானா காதுல விழுந்துச்சு. சலாவுதீன் பாய்கிட்ட அதைச் சொன்னேன். புதுக் கடையில என்னையும் பங்காளியா சேர்த்துக்கிறேன்னாரு."

"நான் அழுதப்போ முதுகைத் தடவினீங்களே."

அறையைக் கட்டிய நாளிலிருந்து அங்கே போனில் தங்கையிடம் குமுறியது, மருத்துவரிடம் கூச்சத்தோடு கேட்டது, தொழுகை முடிந்து தனியே விசும்பியது எல்லாம் ஷபானாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும்.

மறுநாள் ரமணி வீட்டுக்குப் போய், புருஷன் செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். ரமணி பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்லலன்னு நம்புறேன். ஆனா இனிமே உன்கிட்ட எதுவும் சொல்ல எனக்கு வாய் வராது. கோவிச்சுக்காதலா."

ஷபானா இப்போது பிரிக்பீல்ட்ஸில் தோழி மஜீதாவோடு தங்கி, வாடகை ஸ்டூடியோவில் பேசுகிறாள். இல்யாஸ் அழைத்தால் எடுப்பதில்லை. ரமணி பக்கத்து ஊரான காப்பாரில், நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷபானா அங்கே போய்ச் சாப்பிடுவாள். இருவரும் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள்.