வண்டி வராமல் ஓலை பிரிக்காதவர்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் முதலில் பார்ப்பது அட்டைப் படத்தில் இருக்கும் அவருடைய சிரிப்பைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவர் எதற்கும் தலையாட்டுவார் என்று நினைத்து ஏமாந்த வியாபாரிகள் பலர். அதைச் சொல்லத்தான் தங்கை நான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பெரிய முதலியார்சாவடியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சைக்கிளில் சோப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். யாரிடமும் முகம் சுளிக்கத் தெரியாது. கடைக்காரர்கள் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, சோப்பு மட்டும் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

மரக்காணம் உப்பளத்தில் விற்பனை பார்க்கும் வேலை கிடைத்த பிறகுதான் அவருக்குக் கறாராகப் பேசவும் வந்தது. மழைக்காலத்துக்கு முன்பு உப்பை அம்பாரமாகக் குவித்து, மேலே பனை ஓலை வேய்ந்து மூடிவிடுவார்கள். ஓலையைப் பிரித்தால் உடனே லாரியில் ஏற்றியாக வேண்டும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால், கோடை முழுக்க வெயிலில் நின்றவர்களின் உழைப்பு கரைந்து ஓடிவிடும். வாங்குபவர்களுக்கோ அவசரம். வண்டி வந்து காத்துக் கிடக்கக் கூடாது என்று, முன்கூட்டியே பிரித்து வைக்கச் சொல்லிச் செல்லில் கூப்பிடுவார்கள். அண்ணனோ அவர்கள் வீட்டு நலம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, "வண்டி பக்கத்துல வந்து நிக்கட்டும் சார், அப்புறம் பிரிக்கிறேன். அதுக்கு முன்னாடி எங்க முதலாளியே கேட்டாலும் முடியாதுங்க" என்பார். குரல் உயராது, பேச்சும் மாறாது. அதற்காகக் கோபித்துக்கொண்டு யாரும் வேறு உப்பளத்துக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

சுனாமி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மீன் வாங்கவே ஆளில்லாதபோது கருவாட்டுக்கு உப்பு யார் கேட்பார்கள்? அப்போது, தோலை உப்பிட்டு வைக்கும் மண்டிகளுக்கு உப்பு எடுக்கும் வெளியூர் வியாபாரி ஒருவர் மட்டும் விடாமல் வண்டி அனுப்பினார். "அந்த மனுஷன் இல்லன்னா நம்ம ஆளுங்க பட்டினிதான்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன ஐப்பசியில் ஒரு காலை. வானம் வெளுத்திருந்தது. அந்த வியாபாரி கூப்பிட்டு, வண்டி வந்துகொண்டிருக்கிறது, ஓலையைப் பிரித்து வையுங்கள் என்றார். அண்ணன் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரிங்க சார், உங்களுக்காக" என்றார்.

பக்கத்தில் இருந்த அண்ணிக்கு ஆச்சரியம். "என்னாங்க, வண்டிய பாக்காமலேவா?"

"அவருக்குப் போய் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

மதியம் வரை வண்டி வரவில்லை. திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி ஓலை வேய நேரமில்லை. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்த உப்பளப் பெண்களை அண்ணன் தடுத்துவிட்டார். "மின்னுது, நீங்கள்லாம் ஷெட்டுக்குப் போங்கம்மா. பிரிக்கச் சொன்னது நான், நானே மூடிக்கிறேன்." தார்ப்பாயோடு அவர் அம்பாரத்தின் மேல் ஏறியதை அவர்கள் ஷெட்டிலிருந்து பார்த்திருக்கிறார்கள். இடி விழுந்ததையும் பார்த்திருக்கிறார்கள். பாதி கரைந்த உப்பின் சரிவில் அண்ணன் கிடந்தார்.

காரியத்துக்கு அந்த வியாபாரி வந்தார். அண்ணியின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வண்டி அன்னிக்கு கிளம்பவே இல்லம்மா. வருதுன்னு சும்மா சொல்றது எங்க வழக்கம். அவரு எப்பவும் முடியாதுன்னுதான் சொல்லுவாரு. அந்த தைரியத்துலதான் கேட்டேன்" என்று அழுதார்.

அந்த மழையிலும் அண்ணனை ரோடு வரை தூக்கி வந்த உப்பளப் பெண்களுக்கும், வேலைக்குப் போகாமல் எங்களோடு இருந்த லாரி டிரைவர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வியாபாரிக்கும் நன்றி எழுத வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாகச் சொன்னார். சோறு போட்டவர் என்றார். அண்ணி சொன்னதற்காக எழுதிவிட்டேன். என் கோபம் அவர் மேலா, சரி என்று சொன்ன அண்ணன் மேலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.