ரஹீம் பாயின் ‘கைய எடுங்க’ போன்

ரஹீம் பாய் இன்று காலை சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவர் மனைவி ஜமீலா சற்று முன் போனில் சொன்னார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எங்கள் குழுவின் சர்வரைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

சேர்வராயன் மலையில் விளையும் தானியம், பழம், காப்பி எல்லாவற்றையும், எது எதன் வகை, எது எதோடு சேர்ந்து விளையும் என்று கணினிக்கும் புரிகிற மாதிரி அடுக்கும் வேலை எங்களுடையது. ஆன்டாலஜி என்பார்கள். விவசாயிகள், டீச்சர்கள், நிருபரான நான்... எல்லாரும் ஒரே சர்வரில் திருத்துவோம்.

ஏதாவது பெரிதாகக் குழம்பினால், பாய் ஃபைலைத் தனியாகச் சரிசெய்து, சர்வரை நிறுத்தாமலேயே ரீலோட் செய்வார். பழையது போய்ப் புதியது அதே இடத்தில் ஏறும். அந்த நேரத்தில் யாராவது பாதி திருத்திக்கொண்டிருந்தால், அந்தப் பாதி போய்விடும்.

அதனால் பட்டனைத் தொடும் முன் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். மெசேஜ் போதாது. வாயால் சொல்ல வேண்டும்.

“ஏனுங்க, கைய எடுத்துட்டீங்களா?”

ஒருமுறை நான் கடையில் இருந்தேன். ஸ்பீக்கரில் கரடியூர் விவசாயி பொன்னுசாமி. “கீபோர்டுல இருந்து எடுத்துட்டனுங்க பாய். காப்பி டம்ளர்ல இருந்தும் எடுக்கோணுங்களா?”

“அதக் குடிச்சு முடிங்க. அது காலியானா ரீலோட் ஆவாதுங்க.”

எனக்குப் பொறுமையில்லை. ஒரு பட்டனுக்கு இத்தனை போனா என்று கேட்டேன்.

“பட்டன் என்னுதுங்க சார். போட்ட வேலை அவங்களுதுங்க.”

போன வாரம் யாரோ எதையோ நகர்த்தியதில் தினையும் சாமையும் பழங்களுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டன. பாய் ஃபைலைச் சரிசெய்துவிட்டார். ரீலோட் மட்டும் ஆகவில்லை. எனக்கோ கட்டுரைக்கு அவசரம்...

நேற்று குழுவில் எழுதினேன். “பட்டனை அமுக்க நம்ம பாய் நல்ல நேரம் பார்க்கிறாரோ?” சிலர் சிரித்து வைத்தார்கள்.

அதற்கு முன்பே பாய் எனக்கு இருமுறை போன் போட்டிருந்தார். பிரஸ் மீட்டில் இருந்தேன், கட் செய்தேன். திருப்பி அழைக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியாது. ஆபீஸ் கணினியில் என் சாமைப் பக்கம் பாதித் திருத்தத்தோடு திறந்தே கிடந்தது.

ஜமீலா சொன்னார். “மத்தவங்க எல்லாம் சொல்லிட்டாங்களாம் அண்ணா. உங்க பக்கம் மட்டும் தொறந்திருக்குன்னாரு. ‘சார் நொம்ப நேரம் உக்காந்து போட்டிருப்பாரு, போயிரும்’னு... ஆஸ்பத்திரில படுத்துட்டும் அதே பேச்சுத்தானுங்க.”

பிறகு, “குரூப்ல நீங்க போட்டத நான் அவருக்குக் காட்டலீங்க” என்றார்.

குரூப்பைத் திறந்தேன். அந்த வரியை அழிக்கப் போனேன்... அழிக்கவில்லை. எல்லாரும் பார்த்தது, இருக்கட்டும்.

ரீலோட் இன்னும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் செய்வதாகப் பாயின் மகள் ஷாஹின் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் குழுவில் எல்லாருக்கும் போன் வரும். எடுங்கள்.

பாய்... சாமைப் பக்கத்தை மூடிவிட்டேன். கைய எடுத்துட்டனுங்க.