சோப்பு போட்ட கை

காவாந்தண்டலத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் திலகா, கண் ஆஸ்பத்திரி ஒன்றின் டோக்கன் வெப்சைட்டைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றினாள். பழைய போன்களில் அது திறக்காது. "அந்த டப்பா போனெல்லாம் இப்ப யார் வச்சிருக்காங்க? விட்டுடலாம்" என்று மீட்டிங்கில் சொன்னதே அவள்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள், நாற்று நட்டே அவளைப் படிக்கவைத்த அம்மா அங்கம்மாள், மகள் கழித்துக் கொடுத்த பழைய போனை நீட்டினாள்.

"கண்ணு காட்ட டோக்கன் போடலாம்னு பாத்தா வெறும் வெள்ளையா கீது. கயனி சேறு பட்ட கைம்மா, அதான் எடுக்கல போல."

திலகாவுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல நாக்கு எழுவதற்குள் அம்மா குழாயடிக்குப் போய், நகக்கண் வரை சோப்பு போட்டுத் தேய்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப வருமா, பாரு."