போன வருஷம் கேட்ட கவிதை

தபாலில் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுப்பதைப் போல வாய் வலிக்கிற பிழைப்பு வேறு கிடையாது. தொண்ணூறுகளில் திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு மாடியறை டுடோரியலில் எனக்கு வாய்த்தது, மொழிபெயர்ப்பில் உலகக் கவிதை என்ற விருப்பப் பேப்பர். உலகத்து மகாகவிகளையெல்லாம் இங்கிலீஷில் கொண்டுவந்து கொட்டிய தடித்த புத்தகம். அதில் ஒரு கவிதை என் உயிர். பனி தேசத்து விவசாயி ஒருவன் செத்துப்போன மகனைப் புதைக்கப் பார்க்கிறான். உறைந்த மண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை. பனி உருகும்வரை பிள்ளையைக் கொட்டகையில் கிடத்திவிட்டுக் காத்திருக்கிறான். இந்த ஒன்றையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வகுப்பில் வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசையா இது? நீங்களே சொல்லுங்கள், சக வாத்தியார்களே!

கைடு இருக்கப் பயமேன்

முதல் வகுப்பில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தரிடமும் அது இல்லை. எல்லார் மடியிலும் கைடு. வந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள், எம்.ஏ. முடித்தால் பதவி உயர்வு. என் கவிதையை எடுத்ததுமே தொப்பம்பட்டி வாத்தியார் கையைத் தூக்கினார். போன வருஷம் பரீட்சையில் கேட்ட கவிதையை இந்த வருஷம் கேட்கமாட்டார்கள் என்பது இவர்களுடைய வேதம். என் விவசாயி போன வருஷமே வந்துவிட்டானாம். கைடில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தே வைத்திருந்தார் மனுஷர்.

"ஏனுங்க சார், கேட்டு முடிச்ச கவிதைய எதுக்குங்க வாசிக்கோணும்? வாரதைச் சொல்லுங்க."

ரோஜா வளர்த்த மகாகவி

வத்தலக்குண்டு பேங்க் கிளார்க் ஒருவர் மட்டும் மெனக்கெட்டுப் புத்தகத்தையே வாங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விவசாயி கவிதையைப் பற்றி எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தார். கவிஞர் லண்டனில் பிறந்தாராம், காலேஜ் புரொபசராம், ஓய்வு நேரத்தில் ரோஜா வளர்ப்பாராம். பாவி மனுஷர், முன்னுரையை மட்டும் படித்துவிட்டு மொழிபெயர்த்தவரை மகாகவி ஆக்கிவிட்டார்! கவிதை எழுதியவர் வேறு ஆள், பனி தேசத்துக்காரர் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"நாம படிக்கிற இங்கிலீஷ எழுதுனது இவருதான சார்? அந்த ஆளு என்ன எழுதுனாருன்னு உங்களுக்கே தெரியாதுல்ல?"

பேனா அசையவில்லை

கிளார்க் கேட்ட அந்தக் கேள்வியின் எரிச்சலிலேயே அடுத்த வாரம் பிடிவாதமாக வாசிக்க ஆரம்பித்தேன். மண்வெட்டி மண்ணில் பட்டுத் தெறிக்கிற இடத்தில் டுடோரியல் முதலாளி வந்து வாசலில் நின்றார். முன்பு பூ மண்டி வைத்திருந்தவர். கவிதையையா கேட்டார்? எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்த்தார். ஒரு பேனாவும் அசையவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, இப்படியே போனால் அடுத்த வருஷம் இந்தப் பேப்பரையே எடுத்துவிட்டு இலக்கணம் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"வாசிக்கிறத வீட்ல வச்சுக்கங்க சார். இங்க பாடம் நடத்துங்க."

கடைசி ஞாயிறு

நடத்தித் தொலைத்தேன். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, முக்கியமான கேள்விகளைச் சொல்லி முடித்ததும் பாதி வகுப்பு பஸ் பிடிக்க எழுந்தது. போங்கய்யா என்று புத்தகத்தைப் பிரித்து வாசித்தேவிட்டேன், கடைசி வரி வரை. பின்னால் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். கிளார்க் கொட்டாவி விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன் பெஞ்சில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். பூந்தோட்டக்காரர் வீட்டுப் பெண். வருஷம் முழுக்க வாயே திறக்காமல் நான் தும்மியதைக்கூட எழுதிக்கொண்டவர். இது பரீட்சைக்கு வராதுதானே என்று கேட்டார். போச்சு, இவருமா! வராது தாயே, போன வருஷமே கேட்டாச்சு என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப எழுத வேணாம்ல. அந்த மண்ணு தோண்டுற எடத்த இன்னொருக்கா வாசிங்க சார், செத்த நேரம் கேட்டுட்டுப் போறேன்."

ஆக, உலக மகாகவி ஒருவரை எங்கள் ஊரில் ஒரே ஒருத்தர் காதுகொடுத்துக் கேட்க வேண்டுமென்றாலும், அவர் பரீட்சைக்கு வரமாட்டார் என்று முதலில் சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.