பஸ் நிற்கிற பக்கம்

கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். முதல் இரண்டு வருடமும் நான் ஆடினேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. இடது ஓரத்தில், பதினோராம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் காய்ந்துகொண்டு நின்றேன். பந்து என் பக்கம் வராது. ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது நான்தான். இத்தனைக்கும் அணியில் யாருக்கும் என்மேல் பகை கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பகை இருந்தால் முகத்துக்கு நேரே சண்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்கு இடது கால் பழக்கம். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊரில் என்னைப் 'பீச்சாங்காலு' என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்புக்காகக் கோச்சடையில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். முதல் வருடம் அணிக்கு ஆள் எடுத்தபோது நான் இடது காலால் உதைத்ததைப் பி.டி. மேடம் பார்த்தார். உடற்கல்வி இயக்குநர் என்ற முறையில் அணிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். "இவள லெஃப்ட்ல போடுங்க" என்றார். போட்டார்கள். அதோடு என்னை மறந்துபோனார்கள்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. அதில் ஒரு முனையில் மட்டும்தான் கோல் போஸ்ட் உண்டு. மறுமுனையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு வாலிபால் கோர்ட் போட்டுவிட்டார்கள். அதனால் என்றைக்கும் ஒரே திசையில்தான் தாக்குதல் பயிற்சி. அந்தப் போஸ்ட்டைப் பார்த்து நின்றால் இடது ஓரம் முழுக்கக் கல்லூரிப் பஸ்கள் நிற்கும் இடம். சரளைக்கல்லும் சிந்திய டீசலுமாகக் கிடக்கும். நாங்கள் இறங்கும் நேரத்துக்குப் பஸ்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்தான். ஆனாலும் அங்கே விழுந்தால் முட்டி கிழியும் என்று யாரும் பந்தை அந்தப் பக்கம் அடிப்பதில்லை. எல்லாம் வலது ஓரம்தான். அங்கே ஓட்டக்காரி ஒருத்தி இருந்தாள். நடுவில் நிற்கும் கேப்டன் அவளுக்குப் பந்தைப் போடுவாள், அவள் ஓடுவாள், உள்ளே தள்ளுவாள், யாராவது கோல் அடிப்பார்கள். இந்த ஒரு பாட்டைத்தான் வருடம் முழுக்கப் பாடினோம். சின்ன அணிகளிடம் அது செல்லுபடியானது. விவரமான அணியாக இருந்தால் ஓட்டக்காரிமேல் இரண்டு பேரை ஒட்டவைப்பார்கள், நாங்கள் மூட்டையைக் கட்டுவோம்.

மூன்றாம் வருடம் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். தெப்பக்குளத்துப் பக்கத்துக்காரர். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார், அதனால் அக்கா என்றே கூப்பிட்டோம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். போனில் அவர் அம்மாவோடு பேசும்போது எங்களைத்தான் திட்டுகிறார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொள்வோம். முதல் இரண்டு நாளும் அவர் விசிலை எடுக்கவே இல்லை, வேடிக்கை பார்த்தார். அடுத்து ஒரு நட்பு ஆட்டத்துக்காகத் திருமங்கலம் போகிற வழியில் ஒரு கல்லூரிக்குப் போனோம். நல்ல புல்தரை. இடைவேளையில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன்டி, இங்க பஸ் எங்க நிக்கிது?"

ஒருவருக்கும் புரியவில்லை.

"இல்ல, அங்கிட்டு ஒருத்தி கூடப் போக மாட்டேங்கிறீங்களே. பஸ் இல்லாத ஊர்ல வந்தும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஆடுறீங்க."

ஓட்டக்காரிதான் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இரண்டு வருடமாக நான் ஆட லாயக்கில்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்தால், நான் பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்தார். சரளையை முடிந்தவரை ஓரமாகத் தள்ளினோம். பிறகு மைதானத்தின் வலது ஓரம் நெடுகக் கூம்புகளை வைத்து அடைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்றார். கேப்டன் வில்லாபுரத்துக்காரி, வெடுக்கென்று பேசுகிறவள்.

"எக்கா, அங்கிட்டுப் போட்டா இவ என்ன செய்வான்னு எனக்கே தெரியாது."

"அவளுக்கும் தெரியாது. போட்டாத்தான தெரியும்?"

அவர் சொன்னது நிஜம். பந்து வந்தது, என் காலுக்கடியில் புகுந்து வெளியே போனது. இன்னொன்று வந்தது, அதையும் விட்டேன். சும்மா நின்று பழகிய காலுக்குப் பந்தை நிறுத்தவே தெரியவில்லை. அக்கா திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "அடுத்தது" என்று மட்டும் சொல்வார். முட்டியில் காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம் வந்தது. அத்தை தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டே, "பொம்பளப் பிள்ள முட்டியாடி இது?" என்பார். என் முட்டி, எனக்குத் தெரியும் என்பேன்.

அடுத்த வாரம் வலது ஓரத்தைத் திறந்துவிட்டு ஒரு விதி வைத்தார். ஒரு பக்கம் நாலைந்து பாஸ் போய்விட்டால் பந்து மறு ஓரத்துக்கு மாறியாக வேண்டும். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்கே ஒன்று பிடிபட்டது. பந்தை என் பக்கம் மாற்றினால் தடுக்கிறவர்கள் எல்லோரும் என்னை நோக்கி வருகிறார்கள், அப்போது ஓட்டக்காரி தனியாக நிற்கிறாள். ஓட்டக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டு வருசமா ரெண்டு பேர முதுகுல சொமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள்.

பி.டி. மேடம் இதையெல்லாம் நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்டவர்களோடு மல்லுக்கட்டி அந்த அணியை உண்டாக்கியதே அவர்தான். ஆனால் தான் உண்டாக்கியதில் இன்னொருவர் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. "பயிற்சியில என்ன வேணாலும் பண்ணிக்க. மேட்சுல நான் சொல்ற மாதிரிதான்" என்று அக்காவிடம் எங்கள் காதில் விழும்படியே சொன்னார். அக்கா சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. அரையிறுதியில் வழக்கம்போல ஒரு விவரமான அணி. வழக்கம்போல ஓட்டக்காரிமேல் இரண்டு பேர். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். எனக்கு எதிரே நிற்க வேண்டியவள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் நடுவுக்குப் போய்விட்டாள். நான் கையைத் தூக்கிக் கத்தினேன். கேப்டன் என்னைப் பார்த்தாள், கோட்டுக்கு வெளியே நின்ற மேடத்தைப் பார்த்தாள், வலது பக்கமே அடித்தாள்.

இரண்டாம் பாதியில் பொறுக்க முடியாமல் ஒரு முறை எனக்குப் போட்டாள். அவசரத்தில் அதை வெளியே விட்டேன். மேடம் காத்திருந்ததே அதற்குத்தான் போல. "பதினொண்ணு, வெளிய வா" என்றார். எனக்குப் பதிலாகத் தடுப்பாட்டக்காரி ஒருத்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகே வந்து நின்றாள். அக்கா மேடத்துக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

நான் நகரவில்லை. திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. வெளியே போனால் மறுபடி ஆயுளுக்கும் அந்த இடத்தில் சும்மா நிற்க வேண்டியதுதான் என்று தோன்றியது, கால் வரமாட்டேன் என்றது. நடுவர் நடந்து வந்தார்.

"கூப்பிடுறாங்கம்மா."

"போகல சார்."

"போகலையா?"

"போகல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேடத்திடம் போனார். "அந்தப் பிள்ள வரமாட்டேங்குது மேடம். வராட்டி ஆட்டத்த நடத்த வேண்டியதுதான், ரூல்ஸ் அப்படித்தான் இருக்கு" என்றார். விசில் அடித்தார். அப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. மேடம் முகத்தில் ஈயாடவில்லை. மைதானத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

அதற்கப்புறம் கேப்டன் மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பந்து கிடைத்ததும் நிமிர்ந்தாள், நீளமாக இடது ஓரத்துக்கு அடித்தாள். இந்த முறை நிறுத்தினேன். எதிரே ஆளே இல்லை. கோட்டோரமாக ஓடி இடது காலால் உள்ளே தள்ளினேன். ஒட்டி நின்ற இரண்டு பேரும் என்னை நோக்கி வந்துவிட, அந்தக் கோடியில் தனியாக நின்ற ஓட்டக்காரி நெஞ்சால் தட்டியே கோல் போட்டுவிட்டாள். இன்னொன்றும் அதே மாதிரி வந்தது. ஜெயித்தோம்.

மறுநாள் காலை மேடம் தன் அறைக்கு என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்.

"ஜெயிச்சது வேற, சொல்பேச்சுக் கேக்காதது வேற. இவ இனி டீம்ல இல்ல." அக்காவிடம் திரும்பி, "நீ சொல்லிக்குடுத்துத்தான இவ நின்னா?" என்றார்.

"இல்ல மேடம், அவங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் நின்னேன்" என்றேன்.

"நான் சொல்லல மேடம்" என்றார் அக்கா. "ஆனா இவ வெளிய வந்திருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்று மேடம் சொன்னார். நான் கேட்கவில்லை. எதற்கு மன்னிப்பு? ஆடுவதற்கென்று என்னை எடுத்தார்கள், ஆடினேன். இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். முந்தின இரவே துவைத்துப் பையில் வைத்திருந்த சட்டையைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கழிப்பறையில் அழுததை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் மைதானத்துக்குத்தான் போனது. ரிப்பேராகி நின்ற பஸ் ஒன்றின் பக்கத்தில் பையோடு நின்று பார்த்தேன். மேடமே பயிற்சி நடத்தினார். இடது ஓரத்தில் யாரையும் போடாமல் பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு அதுதான் ஏற்பாடு போலிருக்கிறது. அக்கா கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கேப்டன் பந்தை வாங்கினாள், நிமிர்ந்தாள், யாருமே இல்லாத இடது ஓரத்துக்கு அடித்தாள். பந்து சரளையில் உருண்டு போனது. மேடம் விசில் அடித்தார்.

"யாருக்குடி அங்க போடுற?"

"பழகிருச்சு மேடம்."

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை பின்னாலிருந்து ஒருத்தி அதே இடத்துக்கு அடித்தாள். மேடம் விசில் அடித்தார். அடுத்தது ஓட்டக்காரி. கிடைத்த பந்தை யாருக்கும் கொடுக்காமல் ஓடுவதுதான் அவள் குணம். அவள் வலது கோடியில் நின்று, முன்னால் வெட்டவெளியாக இருந்தும், திரும்பி மைதானத்தின் குறுக்கே இடது பக்கம் அடித்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பந்து துள்ளித் துள்ளிப் பஸ் பக்கம் வந்து என் காலில் முட்டி நின்றது.

மேடம் என்னை அப்போதுதான் பார்த்தார். "பந்தத் திருப்பிக் குடு" என்றார்.

பையைக் கீழே போட்டேன். பந்தை இடது காலால் தட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன்.

"ஏய், செருப்போட ஓடாத, கால் மடங்கிரும்" என்று மேடம் கத்தினார்.

செருப்பை உதறிவிட்டுச் சரளைமேல் வெறுங்காலோடு போஸ்ட்டைப் பார்த்து ஓடினேன். விசில் அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.