பிரேக்கில் புகுந்த காற்று

என் மீன் தொட்டிக்குக் காற்று போகும் டியூப்பை அப்பா பாதியாக வெட்டியதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டியில் குமிழி வருவது நின்றிருக்கிறது, இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் முறையிட்டேன்.

"உங்கப்பாகிட்ட போய்க் கேளு" என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் எல்லாமே "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட கேளு" என்றுதான் நடந்துகொண்டிருந்தது. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒருவர் இருமினால் மற்றவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் சாம்பார் ஆறுகிறது என்ற செய்தியை நான்தான் அடுப்படியிலிருந்து கூடத்துக்குச் சுமக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமே நிறைய இருக்கும் காலம் அது.

காரணம் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக். பொங்கலிலிருந்தே அது பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "பாத்துக்கலாம்" என்று அப்பாவும் பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு திருவேற்காடு கோவிலுக்குப் போய்விட்டு மூவரும் திரும்பும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. அப்பா பிடித்த லீவர் அப்படியே கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, ஆட்டோவின் முதுகில் மெல்ல ஒரு முட்டு முட்டித்தான் நின்றோம். அப்பாவின் செருப்பு அறுந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மா இறங்கி, நடுரோட்டில் நின்றுகொண்டே கேட்டாள். "எங்க ரெண்டு பேர் உசுரும் உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?"

அப்பா அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். "பயமா இருந்தா உங்கண்ணன் கார்ல போக வேண்டியதுதானே" என்றார்.

பூந்தமல்லியில் இருந்த மாமா அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் முட்டிய அதே ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மாமா மகனுக்கு முதல் பிறந்தநாள். மாமா கார் அனுப்புகிறாராம், வருகிறவர்கள் வரலாமாம். இதையும் நான்தான் போய்ச் சொன்னேன். அப்பா அந்தக் காரில் காலை வைக்க மாட்டார் என்பது எனக்கே தெரியும். அதனால்தான் அவர் விடிந்ததும் விடியாததுமாகப் புது பிரேக் ஆயில் டப்பா, ஸ்பேனர், அம்மாவின் காலி ஊறுகாய் பாட்டில், என் டியூப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பார்க்கிங்கில் இறங்கிவிட்டார். செல்போன் வீடியோவில் யாரோ ஒருவர் எல்லாம் மிகச் சுலபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்டை போட இறங்கிப் போன என்னை அப்பா தூக்கி வண்டிமேல் உட்கார வைத்தார். ஹேண்டில்பாரில் இருந்த சின்ன டப்பியின் மூடியைக் கழற்றினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாக்ஷன் மாதிரி கறுத்துக் கிடந்தது. மேலே புதுசை ஊற்றிக்கொண்டே வர, கீழே சக்கரத்துப் பக்கம் இருக்கும் திருகில் மாட்டிய என் டியூப் வழியாகப் பழைய ஆயிலும் உள்ளே புகுந்த காற்றும் ஊறுகாய் பாட்டிலுக்குள் வெளியேற வேண்டும்.

"நான் பிடின்னா லீவரை அமுக்கிப் பிடிச்சுக்கோ. நான் கீழ திறந்து மூடிட்டு விடுன்னு சொன்னப்புறம்தான் விடணும். முன்னாடியே விட்டா காத்து மறுபடி உள்ள போயிடும். புரியுதா?"

எனக்குப் புரிந்தது. என் விரல்களுக்குப் புரியவில்லை. அவர் திருகைத் திறந்ததும் லீவர் கைப்பிடியை நோக்கி நழுவும், என் விரல்களும் கூடவே நழுவும். டியூப்பில் இறங்கிய குமிழிகள் விருட்டென்று மேலே ஓடிவிடும். "ஏண்டி விட்ட?" என்பார் அப்பா. "நான் விடல, அதுவா போச்சு" என்பேன். மறுபடி முதலிலிருந்து.

தரைத்தளத்தில் குடியிருந்த ஆட்டோ ஓட்டும் அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார். "இன்னா சார், காலைலயே வண்டிய பிரிச்சுப் போட்டுகினு கீறீங்க? நான் வேணா புடிக்கட்டா?"

"இல்லண்ணே, முடிஞ்சிடுச்சு" என்றார் அப்பா. அதுவரை ஒன்றுமே முடிந்திருக்கவில்லை.

"ஆயிலு டேங்க் மேல ஊத்திகினு கீது பாருங்க. தண்ணிய அடிச்சு வுடுங்க சார், பெயின்ட் பூடும்."

அப்பா தண்ணீருக்கு ஓடினார். பெயின்ட் போய்விட்டிருந்தது. அதைத் தேய்த்துப் பார்த்த ஆத்திரத்தில் மேலே டப்பியில் ஆயில் ஊற்ற மறந்து கீழே திருகைத் திறக்க, டப்பி வற்றி, மேலிருந்தும் காற்று புகுந்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவ" என்றார். அது எத்தனையாவது ஒரே ஒரு தடவையோ. நான் அழுதுகொண்டே மாடிக்கு ஏறிவிட்டேன்.

மேலே தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த பாதி டியூப் எட்டும்படி அம்மா தொட்டியின் காற்று மோட்டாரை ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி வைத்திருந்தாள். சிவந்திருந்த என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லு."

இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை கடை ஏதுன்னு கேளு."

ஏறிப் போய்க் கேட்டேன். மூச்சு வாங்கியது. "நான் இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க!" என்று கத்தினேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

கீழே வந்தவள் நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்து லீவரில் கையை வைத்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார், "பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தார். டியூப்பில் கறுப்பாக ஆயிலும் வரிசையாகக் குமிழிகளும் இறங்கின. மூடினார். "விடு."

"விட்டுட்டேன்."

பிடி, பிடிச்சிருக்கேன், விடு, விட்டுட்டேன். ஒரு வாரம் கழித்து அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆயில் ஊற்றுவது என் வேலையானது. அம்மாவின் செல்போன் அடித்தது. அவள் லீவரை விடாமல், போனைக் காதில் வைக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினாள். மாமா. கார் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டிருப்பார்.

"வேணாம்ணே. நாங்க வண்டியிலயே வந்துடறோம்" என்றாள் அம்மா.

அப்பாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. அம்மா லீவரை அமுக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ம்... திறங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் டியூப்பில் தேன் நிறம் வந்துவிட்டது. குமிழி ஒன்றுகூட இல்லை. லீவரும் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

"அப்பா, காத்தே வரல. முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"உள்ள கொஞ்சம் இருக்கும்" என்றார் அப்பா.

"ஆமா, இருக்கும்" என்றாள் அம்மா.

"எங்க இருக்கு? நல்லாப் பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

எனக்கு வந்த கோபத்தில் மாடிப்படியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பிடி, பிடிச்சிருக்கேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. புத்தம் புது ஆயில் ஊறுகாய் பாட்டிலில் வீணாக இறங்கிக்கொண்டிருந்தது. எந்த வேலையை எப்போது நிறுத்துவது என்று இந்தப் பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாதா என்று நினைத்தபடி, அவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.